டேங்க் மூடிக்கு வாஷர் வாங்கப் போனேன்

என் அன்புக்கும், நேத்துல இருந்து என் கோபத்துக்கும் உரிய உங்களுக்கு,

ஸ்டெல்லா எழுதுறேன். நீங்க போய் ஆறு மாசமாச்சு. கல்லறைக்கு வந்து நின்னப்பல்லாம், இனிமே யாரோட சண்டை போடுவேன்னு சொல்லித்தான் அழுதிருக்கேன். மாதாவே, இப்போ சண்டை போட விஷயம் இருக்கு, ஆளைத்தான் காணோம்.

முதல்ல வீட்டு நிலவரம் சொல்லிடுறேன். உங்க பழைய மோட்டார் சைக்கிளை விக்கிறதுன்னு முடிவு பண்ணோம். நம்ம பிள்ளை அருள்தான் பெங்களூர்ல இருந்துக்கிட்டே ஆள் பிடிச்சான். திருப்பரங்குன்றம் ரோட்டுல புதுசா ஓட்டல் கட்டுற ஒருத்தர். வாங்கி என்ன செய்வாராம் தெரியுமா? இன்ஜினைக் கழட்டிட்டு சுவத்துல மாட்டி வைப்பாராம். சாப்பிட வர்றவங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்குவாங்களாம். உங்க அப்பா வாங்கி, நீங்க உசுராட்டம் வச்சிருந்த வண்டிக்கு இந்தக் கதி. ஆனாலும் நான் சரின்னுட்டேன். காலமெல்லாம் அதை என் சக்களத்தின்னு திட்டுனவ நான். ஓட்ட ஆளில்லாத வண்டியை வீட்டு நடையில நிறுத்தி வச்சுக்கிட்டு என்னங்க செய்ய?

லோடு வண்டியில ஏத்துனா கீறல் விழும், ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கிட்டே வந்து குடுத்திருங்கன்னு அவர் சொல்லிட்டார். அருள் வெள்ளிக்கிழமை வந்து, மெக்கானிக்கை வச்சு ஸ்டார்ட் பண்ணி, புதுசா பெட்ரோல் ஊத்தி வச்சான். நேத்துக் காலையில எந்திரிச்சுப் பாத்தா வீடு பூரா பெட்ரோல் வாடை. நடைக்கு அடுத்தாப்புல அடுப்படி, கேஸைப் பத்த வைக்கவே பயம். டேங்க் மூடியைத் திருப்பினா, உள்ள இருந்த ரப்பர் வாஷர் அல்வா கணக்கா விரல்ல ஒட்டுது. அருள் ஆபீஸ் வேலைன்னு லேப்டாப்போட உக்காந்துட்டான். சரி, நானே போறேன்னு மூடியையும் மிச்ச வாஷரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டுக்கிட்டுக் கிளம்பினேன்.

மைசூர்ல செஞ்சு, கம்பெனியே மூடிப்போன வண்டி. அதுக்கு வாஷர் எங்க கிடைக்கும்? சிம்மக்கல்ல இறங்கி கடை கடையா ஏறுனேன். ஒருத்தன் ஸ்கூட்டர் வாஷரைக் குடுத்து, அழுத்திப் போடுங்க சேரும்னான். இன்னொருத்தன் குக்கர் கேஸ்கட்டை வெட்டிப் போடச் சொன்னான். வண்டிக்கும் குக்கருக்கும் வித்தியாசம் தெரியாத பயலுகன்னு முனகிக்கிட்டே வெளிய வந்தேன். அப்புறம் ஒரு டீக்கடைக்காரர்தான் காதர் பாய் கடையைக் கை காட்டினார்.

பாய்க்கு உங்க வயசுதான் இருக்கும். டப்பாவைத் திறந்து மூடியை மேசையில வச்சதும் அதையே பாத்துக்கிட்டு இருந்தார். அதுல நான் வச்ச சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி இருக்குல்ல? மூடி எந்தப் பக்கம் பொருந்தும்னு அடையாளம் வச்சுக் குடுன்னு நீங்க கேட்டு நான் வச்சது. அதைத் தடவிப் பாத்துட்டு, சேவியர் சார் வீட்டம்மாவான்னு கேட்டார். ஆமான்னேன். சார் ஏன் கடைப் பக்கமே வரலைன்னு கேட்டார். சொன்னேன். பாய் கண்ணை மூடி, உதட்டுக்குள்ளயே ஏதோ ஓதினார்.

அப்புறம் உள்ள போய் வாஷரோட வந்தார். இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களாம், அது பழைய ரப்பரைத் தின்னுருதாம், இது தாங்கும்னு சொல்லி, தன் கையாலேயே மூடியில பொருத்திக் குடுத்தார். நன்றி சொல்லிக் கிளம்பப் போனேன். அப்போதான் கேட்டார்.

"சாருக்கு அந்த இடது கண்ணு கடைசி வரைக்கும் தெரியவே இல்லையாம்மா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. எந்தக் கண்ணுன்னு கேட்டேன். பாய் முகம் வெளுத்துப்போச்சு. எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சுட்டார் மனுஷன். அங்கயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன், சொல்லாம நான் இங்கிருந்து போகப்போறதில்லைன்னேன். கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போச்சுன்னும், இனி பார்வை வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னும் நீங்க அவர்கிட்ட சொன்னீங்களாம். ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி. ஒத்தைக் கண்ணோட வண்டி ஓட்டாதீங்கன்னு அவர் உங்களை ஏசினாராம். அதுக்கு நீங்க சொன்னதை அப்பிடியே சொல்லச் சொன்னேன்.

"இடது பக்கத்தை என் வீட்டுக்காரி பாத்துக்கிறா பாய். அவ வாய் ஓயாது. எனக்கு அது போதும்னு சொன்னாரும்மா."

ஏங்க, உங்களுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்! ரெண்டு வருஷம், பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல, கோரிப்பாளையத்துல, பாதிக் குருடான மனுஷன் பின்னாடி நான் டிபன் பாக்ஸை மடியில வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கேன். லைசென்ஸ் புதுப்பிக்க எந்த டாக்டர் கையெழுத்துப் போட்டான்? ஏதாவது பிள்ளை குறுக்க ஓடி வந்திருந்தா? பாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் யாருங்க உங்களுக்கு?

திரும்பி வரும்போது டவுன் பஸ்ல உக்காந்து ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்தேன். பெட்ரோல் பங்க்ல ஒரு நாள், பெட்ரோலோட கலக்குற ஆயிலை டேங்குக்கு வெளிய ஊத்துனீங்க. அதுக்கப்புறம் மூடியைத் தொறக்குறது, ஆயில் ஊத்துறது, மூடுறது எல்லாம் என் வேலையாச்சு. பங்க்ல நிக்கிறவங்க வேடிக்கை பாப்பாங்க. ரிட்டையர் ஆன திமிரு, என்னை ஏவி வேலை வாங்குறீங்கன்னு நினைச்சேன். எங்க கிளம்பினாலும், நீயும் வா ஸ்டெல்லா, காத்து வாங்கிட்டு வரலாம்னு கூப்பிட்டீங்க. பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பா. வயசான காலத்துல இந்த மனுஷனுக்கு என் மேல இம்புட்டுப் பிரியமான்னு நான் பூரிச்சுப்போய்க் கிடந்தேன்.

எல்லாத்தையும் விடுங்க. என் முதுகு வலிக்கு டாக்டர் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காரச் சொன்னாரே. எங்க ஸ்கூல்ல டீச்சர்கள் சுடிதார் போடலாம்னு ஆன நேரம். ஆசையா ரெண்டு தைச்சேன். நான் என்ன உடுத்துறேன்னு ஏறெடுத்தும் பாக்காத மனுஷன், அன்னிக்கு வாசல்ல வழி மறிச்சுச் சொன்னீங்க, நீ சேலை கட்டி ஒரு பக்கமா உக்காந்தாத்தான் எனக்குப் பிடிக்கும்னு. வெக்கமாப் போச்சு எனக்கு. ஸ்டாஃப் ரூம்ல எல்லாத்துக்கிட்டயும் சொல்லிப் பீத்திக்கிட்டேன். சுடிதார் ரெண்டையும் தங்கச்சி மகளுக்குக் குடுத்துட்டேன்.

ஒரு பக்கமா உக்காந்தா என் முகம் இடது பக்கம்தான் பாத்திருக்கும். அதுக்குத்தானா? அம்புட்டுதானா அந்தப் பிரியம்? யார்கிட்ட போய்க் கேக்க?

அருள்கிட்ட ஒண்ணும் சொல்லலை. இன்னிக்குக் காலையில சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து, வண்டியை ஒப்படைக்கக் கிளம்பினோம். கோபத்துல இருந்தேன், சுவத்துல என்ன, கூரையிலயே தொங்கட்டும்னு. பழக்க தோஷம், சேலையை ஒதுக்கி ஒரு பக்கமா உக்காந்தேன். புது வாஷர் நல்லாப் பிடிச்சிருந்துச்சு, ஒரு சொட்டு வாடை இல்லை. பழங்காநத்தம் தாண்டல, ஒரு ஷேர் ஆட்டோ சந்துக்குள்ள இருந்து மூக்கை நீட்டுச்சு. நான் என்னை அறியாம, ஏய் ஏய் இடது பக்கம் ஆட்டோ வருதுன்னு கத்திட்டேன்.

அருள் திரும்பாமலே எரிஞ்சு விழுந்தான். "எனக்குக் கண்ணு தெரியும்மா."

எந்தப் பிள்ளையும் அம்மாகிட்ட சொல்றதுதான். கல்யாணமான புதுசுல நீங்களும் நூறு தடவை சொல்லியிருக்கீங்க. கடைசி ரெண்டு வருஷமா நான் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் கத்திக்கிட்டே வந்தப்போ, நீங்க ஒரு நாள்கூட அதைச் சொல்லலை. சரி ஸ்டெல்லா, சரி ஸ்டெல்லான்னு கேட்டுக்கிட்டே ஓட்டுனீங்க. நான் என்ன சொன்னாலும் அப்பிடியே நம்பி ஓட்டுனீங்க.

வண்டியை நிறுத்துடான்னேன். ரோட்டோரத்துல இறங்கி நின்னு, வெக்கம் இல்லாம அழுதேன். அவன் பதறிப்போய்ட்டான். அப்போதான் எல்லாத்தையும் சொன்னேன். அவன் டேங்க் மேலயே கையை வச்சுக்கிட்டு நின்னான். அப்புறம் அவனே ஓட்டல்காரருக்கு போன் போட்டு, மன்னிச்சுக்கோங்க சார், அம்மா குடுக்கலைன்னுட்டாங்கன்னு சொன்னான். வண்டி இப்போ நடையில, பழைய இடத்துலயே நிக்குது.

நாளைக்கு அவனை ஊருக்கு விடப்போறதில்லை. இந்தக் கண்ணு வியாதி அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கும் வரலாம்னு அறிவியல் டீச்சரான எனக்குத் தெரியும். முதல் வேலையா அவனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதை மறைச்சதுக்கு மட்டும் உங்களை நான் லேசுல மன்னிக்க மாட்டேன்.

மத்ததை நேர்ல வந்து பேசிக்கிறேன். அங்க ரோடு எப்பிடியோ, வண்டி உண்டோ இல்லையோ. இருந்துச்சுன்னா, நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு ஒரு பக்கமாத்தான் உக்காருவேன். இந்தத் தடவை என்கிட்ட சொல்லிட்டு ஓட்டுங்க. இடது பக்கத்தை நான் பாத்துக்கிறேன்.

இப்படிக்கு,
வாய் ஓயாத உங்க வீட்டுக்காரி
ஸ்டெல்லா