கொழும்பிலிருந்து வந்த கண்

அக்கா,

நேற்று உங்கள் தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்காகப் பை கட்டிக்கொண்டிருந்தேன். கைலி தேடி அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டால் உங்கள் வெள்ளை ரவிக்கை ஒன்று வந்தது. மணிக்கட்டு வரை கை வைத்துத் தைத்தது. பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் உங்கள் வாசனை கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தேன். இல்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். முன் அறையிலிருந்து அவர், "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். "கைலி தேடுறேன்" என்றேன். குரல் உடைந்தது அவருக்குக் கேட்டிருக்கும். 

நான் கிள்ளானிலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பெண், வெள்ளவத்தையில் ஒரு கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டு போனவர் என்று சொல்வார்கள். சுவரில் உங்கள் கல்யாணப் படம் இருந்தது. குட்டைக் கை ரவிக்கை, பளிச்சென்ற கழுத்து, அதில் ஒற்றைச் சங்கிலி. அந்த முகத்தைத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன்.

பிறகு எண்பத்து மூன்றாம் வருட ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரிக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். உங்கள் வீட்டுக்குப் போன் போகவில்லை. பிறகு ஒரு தந்தி. அத்தான் இல்லை; வீட்டோடு போய்விட்டார்; நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். உங்கள் தம்பி அந்தத் தந்தியை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். அவரால் வாசிக்க முடியாது. ஆனாலும் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிருந்தது. ரயில்வே ஆபீசில் வரைபடம் வரைகிறவர். கண்ணில் புண் வந்து, ஆறும்போது கருவிழியின் மேல் வெள்ளையாகப் படிந்துவிட்டது. பகல் எது, இருட்டு எது, ஆள் நிற்கிறதா போய்விட்டதா, அவ்வளவுதான் தெரியும். இறந்தவர் ஒருவரின் கருவிழித் தோலை எடுத்து வைத்துத் தைத்தால் பார்வை திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கே கண் கொடுப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் இலங்கையிலிருந்துதான் விமானத்தில் வருகிறது, வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஜூலைக்கு முன்னால் அது எங்களுக்கு நல்ல சேதியாக இருந்தது. "நம்ம அக்கா ஊர்லேருந்து வருதாம்" என்று அவர் சிரித்தார்.

சுபாங் விமான நிலையத்தில் உங்களை அழைக்கப் போன நாளை நான் மறக்க மாட்டேன். தோளில் ஒரு சின்னப் பையோடு வந்தீர்கள். இடது காதின் கீழிருந்து கழுத்து வழியாகத் தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தீர்கள். "தம்பி" என்று நீங்கள் கூப்பிட்டதும் அவர் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். உங்கள் வலது பக்கம் மட்டும் அவர்மேல் படும்படி வந்து அவரைக் கட்டிக்கொண்டீர்கள். அவர் என்னிடம் கேட்டார்: "அக்கா எப்படி இருக்காங்க? இளைச்சிட்டாங்களா?"

நீங்கள் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினீர்கள்.

"கொஞ்சம் இளைச்சிருக்காங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் குளியலறையில் உங்கள் முதுகுக்கு மருந்து தடவியபோது, அங்கே ஒட்டிக்கொண்ட இலங்கைப் பேச்சில் சொன்னீர்கள்: "தம்பிக்குச் சொல்லாதையும். கண்ணும் தெரியாமக் கிடக்கிறவன், இதையும் தெரிஞ்சுகொண்டு என்ன செய்யப்போறான்?" நீங்கள் அப்போது வேறு வீட்டில் இருந்தீர்கள், தீ உங்களைத் தொடவில்லை என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தோம். எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிற சின்னப்பிள்ளை. அவள்கூட வாய் திறக்கவில்லை. நீங்கள் எப்போதும் அவருடைய இடது பக்கமே நடந்தீர்கள். கோலாலம்பூர் வெயிலில் நீளக் கை ரவிக்கை. தையல்காரர், "அக்கா, ஷார்ட் ஸ்லீவ் போதும் லா, வேர்த்துக் கொட்டும்" என்றார். "எனக்கு இப்பிடித்தான் பழக்கம்" என்றீர்கள்.

நம் வீட்டுக்கு அந்தப் பக்கம்தானே சிங்களவர்களின் பௌத்த விகாரை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் பிரித் மந்திரம் ஓதுவதும் சிங்களத்தில் பேசுவதும் கேட்கும். முதல் வாரம் அது தொடங்கியதும் எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினீர்கள். "ஏன்க்கா, புழுங்குதே" என்றார் தம்பி. "நுளம்பு வருது" என்றீர்கள்; கொசுவுக்கு உங்கள் சொல் அது. உங்களுக்கு அந்தச் சிங்களம் புரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வருடம், ஒரு மத்தியானம், போன் அடித்தது. கண் வார்டு நர்ஸ். "ஆன்டி, கண்ணு வந்திருக்கு. கொழும்பு பிளேன்ல காலைலதான் வந்துச்சு. ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது. சார உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.  ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

"எங்கேருந்து?"

"கொழும்புதான். டாக்டர் முன்னமே சொன்னாரே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "வேணாம். வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லு."

"என்ன பேசுறீங்க? எத்தனை நாளாக் காத்துக்கிட்டிருக்கோம்!"

"அத்தான எரிச்ச ஊரு அது. அவனுங்க கண்ண வச்சுக்கிட்டு அக்கா முகத்த நான் எப்படிப் பாக்கிறது? போன் பண்ணிச் சொல்லிடு லா."

நீங்கள் சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தீர்கள். துருவும் சத்தம் நின்றது. குழாயில் கை கழுவிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றீர்கள். உங்கள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"தம்பி, அத்தானும் கையெழுத்து வச்சவர். செத்தாப் பிறகு கண்ணைக் குடுக்கிறதெண்டு. நானும் அவரும் ஒண்டாப் போய்த்தான் வச்சனாங்கள். அண்டைக்கு அவரில எடுக்க ஒண்டும் மிஞ்சேல்லை. இது ஆரோ ஒரு ஆளில மிஞ்சினது. விசர்க்கதை கதைக்காமச் சட்டையைப் போடு."

அவர் எழுந்தார். நீங்களே பட்டன் போட்டுவிட்டீர்கள். டாக்சி பிடித்து மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் அறைக்குள் அவரைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் இரண்டு கைகளையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டீர்கள். 

கட்டுப் பிரித்த நாள் அந்த ஒரு கண்ணுக்கு எல்லாம் பனிமூட்டமாகத்தான் தெரிந்தது. நாள் போகப் போகத் தெளிந்தது. முதலில் ஜன்னல் கம்பி, பிறகு என் பொட்டு, பிறகு மகளுக்கு விழுந்த முன்பல். அந்தப் பல்லைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நீங்கள் மட்டும் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் முதுகுப் பக்கம் வரும்படி நின்று அவரோடு பேசினீர்கள். எத்தனை நாளைக்குத்தான் முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நீங்கள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் தூங்குகிறார் என்று நினைத்து ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தீர்கள். பின் கதவருகே வந்து நின்றவரை நான் பார்ப்பதற்குள் அவர் உங்களைப் பார்த்துவிட்டார். கிட்டப் போனார். உங்கள் இடது கையைப் பிடித்துத் தூக்கி, மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கழுத்தை. பிறகு காதை. நீங்கள் சோப்பு நுரையோடு அசையாமல் நின்றீர்கள்.

"நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார்.

"இருந்தனான்."

"அக்கா..."

"அவரைப் பிடிச்சு இழுத்துப் பாத்தனான், தம்பி. வரேல்லை."

அவர் உடைந்துபோனார். வாய்விட்டு, சின்னப் பையன் மாதிரி அழுதார். எனக்குப் பயம் வந்துவிட்டது. "கண்ணுல தையல் இருக்கு, அழாதீங்க, அழாதீங்க" என்று கத்தினேன். நீங்கள் அவர் தலையை உங்கள் நல்ல தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "விடும். அழட்டும். அழுறதுக்கும்தானே கண்."

அன்றைக்குப் பிறகு நீங்கள் வீட்டில் குட்டைக் கை ரவிக்கை போட்டுக்கொண்டீர்கள். வெளியே போனால் மட்டும் பழையபடி நீளக் கை.

புத்தருக்கு விகாரையில் எடுக்கும் அடுத்த விசாக தினத்தன்று நாம் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது தெருவில் விளக்கு ஜோடித்த ரதங்கள் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தீர்கள். வெகு நாளாக எனக்குள் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "அக்கா, நீங்க அவங்கள மன்னிச்சிட்டீங்களா?"

என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "மன்னிச்சனான் எண்டு ஆர் சொன்னது? தம்பிக்குக் கண் வேணும் எண்டுதானே சொன்னனான்." கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. அதனால்தானோ என்னவோ, அது என்னை விட்டுப் போகவே இல்லை.

இங்கேயும் கண் கொடுக்கப் பெயர் கொடுத்திருந்தீர்கள். யாராவது சொந்தக்காரர்கள், "கண்ணில்லாமப் போனா அடுத்த பிறவியில குருடாப் பொறப்பாங்க" என்று சொன்னால், "இந்தப் பிறவியில பாத்ததே எனக்குக் காணும், போதும்" என்பீர்கள். 

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அதைக் கேட்டு நீங்கள் கலங்கவில்லை. "சரி, எவ்வளவு நாள்?" என்று கேட்டீர்கள். கடைசி முறை வார்டில் சேர்த்தபோது அந்த இளம் டாக்டரைக் கட்டிலுக்கு அருகே கூப்பிட்டு, உங்கள் அழகான இங்கிலீஷில், உங்கள் உயிர் போனதும் யாருக்குச் சொல்ல வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் கண்ணை எடுப்பார்கள் என்று விசாரித்தீர்கள். அவர் தரையைப் பார்த்தார். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் கண்ணை எடுப்பதில்லை, வாங்குகிறவருக்கு ஆபத்து என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

நீங்கள் அவருக்கு நன்றி சொன்னீர்கள். அவர் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். ரொம்ப நேரம் கழித்து, யாரிடமோ சொல்வது போல, "அவரிட்டயும் எடுக்கேல்லை. என்னட்டயும் எடுக்கேல்லை" என்றீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. விமான நிலையத்தில் அழாதவர், துணி துவைக்கிற இடத்தில் அழாதவர், அன்று அழுதீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.  

நீங்கள் போனதும் உறவினர்கள் தகனத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். உங்கள் தம்பி நடுக்கூடத்தில் எழுந்து நின்று, "நெருப்பு வேணாம்" என்றார். "நம்ம வழக்கம் அதுதானே" என்றார்கள். "அக்கா ஒரு தடவை எரிஞ்சாச்சு. போதும்" என்றார். யாராரோ முணுமுணுத்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. செராஸ் பக்கத்து இடுகாட்டில் உங்களை மண்ணில் வைத்தோம். மூடுவதற்கு முன் அவர் குனிந்து உங்கள் முகத்தை அவ்வளவு நேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். நான் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

இப்போது அந்தக் கண் மறுபடி மங்கிவிட்டது, அக்கா. இத்தனை வருடம் தாங்கியதே பெரிது என்றார் டாக்டர். வேறொன்று வைக்க வேண்டும் என்றார். நேற்று போன் வந்தபோது எங்கேயிருந்து வந்திருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. "சட்டை எங்க?" என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை அவரை உள்ளே அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் இளம்பெண். பண்டமாரானிலிருந்து வந்திருக்கிறாளாம். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினவர், அவருக்கும் இன்றைக்குத்தான். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்: "ஆன்டி, அது யாரோட கண்ணு ஆன்டி? செத்துப்போனவங்களது. அப்பா அதால எங்களப் பாக்கப்போறாரு. நெனச்சாலே ஒரு மாதிரி இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்தேன். "அது ஆரோ ஒரு ஆளில மிஞ்சினது, பிள்ளை. பயப்பிடாதையும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. கிள்ளானில் பிறந்து வளர்ந்த என் வாயில் உங்கள் பேச்சு அப்படியே வந்திருந்தது.

அவள் கொஞ்சம் சிரித்தாள். "ஆன்டி, நீங்க சிலோனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.