கனமில்லாத ரேடியோ

என்னங்க,

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. குகை பார்க்கப் போகும் எங்கள் கிளப் வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. சாதம் வடித்திருக்கிறேன், கத்தரிக்காய்க் குழம்பை மதியம் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவி வழக்கமான ஆணியில். நாளை விடியற்காலை வந்துவிடுவேன்.

"நம்ம மலையில இல்லாத குகையா? சுண்ணாம்புப் பாறைய பாக்க ஆந்திரா வரைக்கும் போவணுமா?" என்று ராத்திரி கத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். எனக்கும் கோபம்தான். டார்ச் வேறு மங்கலாக எரிந்தது. போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். காலையில் போட்டுப் பார்த்தால் கண் கூசுகிறது!

கிரிக்கெட் கேட்க எழுந்ததும் ரேடியோவைத்தானே தொடுவீர்கள், இந்தச் சீட்டை அதன் அடியில் வைக்கலாம் என்று தூக்கினேன். உள்ளே பேட்டரி செல் இல்லாமல் இலேசாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

கஸ்தூரி

பி.கு.: பால் வாங்க வந்த எதிர்வீட்டு அப்பாதுரை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கமெண்டரி கேட்க அங்கே போங்கள்.

இன்னொன்று: குகைக்குள் எல்லோரும் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் சும்மா உட்கார வேண்டுமாம். இருட்டென்றால் எனக்குப் பயம், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் முதலில் அணைக்கப்போவது நான்தான். உங்கள் செல்லைத் தீர்ந்துபோகாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டாமா?