வெள்ளை விளக்கு

அப்பாவுக்கு,

புத்தர் பிறந்தநாளுக்கு நேற்று நம்மூர் கியோங்ஜுவுக்கு வந்திருந்தோம். பயப்படாதீர்கள், வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் வழக்கமாகப் போகும் மலையடிவாரக் கோயிலுக்கு மட்டும் போனோம்.

முற்றம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகத் தாமரை விளக்குகள். பின்கட்டில் தனியே தொங்கிய வெள்ளை விளக்குகளில் ஒன்றைப் பார்த்து, என் கணவர் கியூஹோ கத்தியே விட்டார்.

"இங்க பாரு, உன் பேரு! கீழ உங்கப்பா பேரும் இருக்கு. சர்ச்சுக்காரனைக் கட்டிக்கிட்டவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னாரே, மனசுல உன்னை வெச்சிருக்காரு பாத்தியா? வா, இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்!"

வெள்ளை விளக்கு செத்தவர்களுக்கு என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்ததே நீங்கள்தான். அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

உங்களுக்கென்று பயறு ரொட்டி வாங்க அவர் கடைக்கு ஓடினார். விளக்கு கட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னிடம் வந்தாள்.

"உனக்குத் தெரிஞ்ச பொண்ணாம்மா? விபத்துல போயிட்டாளாம். அவங்கப்பா வருஷா வருஷம் வந்து அழுவாரு, பாக்கவே சகிக்காது."

நீங்கள் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி கியூஹோவைத் திருப்பி அழைத்து வந்துவிட்டேன். பொய்தான். உங்கள் பொய்யைவிடச் சின்னது. ரொட்டியை ரயிலில் நாங்களே தின்றோம்.

கிளம்பும் முன் உங்கள் பெயரிலும் ஒரு விளக்கு கட்டிவிட்டேன். என்ன நிறம் என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விபத்தில் போன உங்கள் மகள்