பொனற்றுக்கு முன்னால்

பெப்ரவரி 10, செவ்வாய்

காரைக் குடுத்துப்போட்டுப் புது பிக்கப் ட்ரக் எடுத்து ஒன்பது நாள். உயரத்தில் இருந்து ஓட எல்லாம் வடிவாத் தெரியுது என்று காண்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சன்.

இண்டைக்குக் காலமை வீட்டு ட்ரைவ்வேயில் ஸ்டார்ட் பண்ண, முன்னுக்கு ஏதும் நிண்டால் எச்சரிக்கிற சென்சர் கத்தினது. வழக்கம்போல அதில பனி ஒட்டியிருக்கும் என்று சத்தத்தை நிப்பாட்டினன். பிரேக்கில் இருந்து காலை எடுக்கிற நேரம் எஞ்சினை மூடின பொனற்றுக்கு மேலால் ஒரு சிவப்புத் தொப்பி எழும்பினது. என்ர மனிசி வதனி. குனிஞ்சு சப்பாத்துக் கட்டியிருக்கிறாள்.

"எனக்காகத்தானே நிண்டனீங்கள்?" என்று சிரிச்சபடி ஏறினாள்.

"ஓம்" என்றன்.

பின்னேரம் வதனி, "சனிக்கிழமை எனக்கும் இதை ஓடப் பழக்குங்கோ" என்றாள்.

முன்னுக்குக் கிட்டக் குனிஞ்சு நிக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லித்தான் பழக்க வேணும். "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பாள்.