கீழ் லயத்துக்கு இறங்கும் பாதை

திங்கள், ஜூலை 6

காலை ஏழு. மூடுபனி. பத்தடிக்கு அப்பால் மரமே இல்லை. தரை காய்ந்திருந்தது, அது போதும். ரிப்பன் கட்டும் வேலை.

எடுத்துப் போனவை: சிவப்பு-வெள்ளை ரிப்பன் இரண்டு சுருள், மர ஆப்பு முப்பது, புல் வெட்டும் பாராங் கத்தி, ஜிபிஎஸ், ரொட்டி. தண்ணீர் மறந்தாயிற்று.

நிலவரத்தை ஒரு தடவை எழுதி வைக்கிறேன், தலை தெளியட்டும். போன மழையில் பழைய இறக்கம் சரிந்தது. பாசிக்காட்டு முகடுவரை ஏறுகிறவர்கள் இப்போது ஏறிய வழியாகவே திரும்ப வேண்டியிருக்கிறது. நான் போட்டது புது இறக்கம். 1.7 கி.மீ., முகட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து லோரிச் சாலைவரை, சடக்கு என்பார்கள். கடைசி நானூறு மீட்டர் தோட்ட நிலம், கீழ் லயத்துத் தொழிலாளர் வீடுகளின் பின்பக்கம். சனிக்கிழமை காட்டிலாகா அதிகாரி அஸ்மான் நடந்து பார்க்கிறார். அவர் சரி என்றால் பாதை திறக்கும். இல்லையென்றால் மழைக்காலம் முடிந்துதான் மறுபடி வருவார்கள். அதுவரை நான் இங்கே ஈ ஓட்டப் போவதில்லை. பினாங்கு பேக்டரிக்குத் திரும்பிவிடுவேன். பழைய சூப்பர்வைசர் இந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார். எட்டு மாதமாகக் காடு அளக்கிறேன், அப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காததுதான் தொல்லை.

தோட்டத்து மேனேஜர் வாயளவில் சம்மதம். ஈப்போக்காரர். என்னைவிட ஐந்து வயது மூப்பு இருப்பார், அவரையும் எல்லாரும் ‘துரை’ என்றுதான் சொல்கிறார்கள். கடிதம் வெள்ளிக்கிழமை தருவாராம்.

மொத்தம் 42 ரிப்பன். 12.40க்கு முடிந்தது. முகட்டில் பத்து நிமிடம் பனி விலகியது. கீழே தேயிலை, வரிவரியாக, ஈரமாக. போட்டோ எடுத்தேன். போட்டோவில் ஒன்றும் இல்லை.


செவ்வாய், 7

வெயில். பாதை பார்க்கப் போனேன். கீழே கட்டிய பதினொரு ரிப்பனைக் காணோம். மேலே உள்ளவை அப்படியே இருக்கின்றன.

சேகரிடம் போனில் சொன்னேன். சேகர் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, வேன் வைத்து வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போகிறவன். இந்தப் பாதை திறந்தால் முதலில் பிழைக்கப் போவது அவன்தான். குரங்கு வேலை என்றான். குரங்கு பிய்க்கும், முடிச்சை அவிழ்க்காது என்றேன். “அப்ப படிச்ச குரங்குலா” என்றான். வைத்துவிட்டேன்.

மறுபடி கட்டினேன். இரட்டை முடிச்சு. கை ஆப்பில் உரசி சிராய்ப்பு.

வாங்க வேண்டியது: பிளாஸ்டர், பாட்டரி, அம்மாவுக்குத் தைலம்.


புதன், 8

இன்றைக்குப் பதினான்கு. ஆப்பையும் பிடுங்கியாயிற்று. குழிகளை மண் போட்டு மூடி, மிதித்தும் விட்டிருக்கிறார்கள். யாரோ பொறுமையாகச் செய்த வேலை. எனக்கு இல்லாத பொறுமை.

லயத்தின் பின்னால் இறங்கி நடந்தேன். ஒன்பது தமிழ்க் குடும்பம், மற்ற வீடுகளில் வங்காளதேசத்து ஆள்கள், நேப்பாளத்து ஆள்கள். சின்னச் சின்னத் தோட்டங்கள். பயற்றங்காய்க் கொடி ஒன்று கம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. என் ரிப்பனால். வரிசையாக ஆறு கம்பு. நன்றாகக் காய்த்திருந்தது வேறு.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தேயிலை வெட்டும் ஆள்கள் வீட்டுக்கு வரும் நேரம். அந்தப் பயற்றங்காய்த் தோட்டத்துக்காரி வந்தார். புஷ்பா அக்கா. வெட்டு மெஷின் பிடிக்கும் பெண்களுக்கு அவர்தான் மண்டோர், வேலை வாங்குகிறவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். ரிப்பனைக் காட்டி, இது என்னுடையது என்றேன். தெரியும் என்றார். அவிழ்த்தது அவரேதான். மறைக்கவும் இல்லை.

“செவப்பு ரிப்பன் கட்டுனா அடுத்த மாசம் மண்ணு தள்ற மெஷின் வரும். மேல் லயத்துல அப்படித்தான் கட்டுனானுங்க. சும்மா அளக்குறோம்னானுங்க. இப்ப அங்க போயி தோட்டம் எங்கன்னு பாரு.”

இது நடைபாதைக்கு, மலையேறுகிறவர்களுக்கு என்றேன்.

“நடக்கறதுக்கு எதுக்கு ஆப்பு?”

சரிவு, அளவு, குறியீடு என்று விளக்கினேன். சரியாகத்தான் விளக்கினேன். சுற்றி நின்ற நாலு பெண்களும் சோற்றுத்தட்டோடு கேட்டார்கள். ஒருத்தி, “அளந்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு” என்றாள். அளந்தேன் என்றேன். “அப்ப நீதான்” என்றாள்.

பிறகு நான் சொன்னது: இனிமேல் ஒன்று காணாமல் போனாலும் துரையிடம் சொல்வேன். தட்டைக் கழுவப் போய்விட்டார்கள்.

மாலை நாலுக்கு மேனேஜர் போன். நான் சொல்லும் முன்பே அவர்கள் சொல்லிவிட்டார்கள். லயத்து ஆள்கள் வேண்டாம் என்றால் தானும் கடிதம் தரப் போவதில்லை, அவர்களோடுதான் தினமும் வேலை செய்ய வேண்டும் என்றார். நியாயம்தான். அதனால் கோபம் இன்னும் கூடியது.


வியாழன், 9

காலையில் தூறல். எங்கள் ஊர் ரிங்லெட்டில் சேகரோடு பசியாறினேன். நடந்ததைச் சொன்னேன். ரொட்டி சானாயை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். துரை பெயரைச் சொல்லி லயத்து ஆளை மிரட்டினாயா என்றான். எங்கள் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்றேன். “அதான்டா கேக்குறேன்” என்றான்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாது. சாயங்காலம் போய்ப் பேசலாம் என்று முடிவு. போகிற வழியில் மேல் ரிப்பன்களையும் பார்த்துவிடலாம் என்று முகட்டிலிருந்தே இறங்கினேன். மலையேறுகிறவன் எப்படி வருவானோ அப்படியே. இந்தப் பாதையில் நான் மாலையில் நடப்பது இதுதான் முதல் தடவை.

ஐந்தரை. கடைசித் திருப்பம். தண்ணீர்ச் சத்தம், சிரிப்பு. திரும்பினால் தகரத் தடுப்பு, அதற்குள் தொட்டி, ஆவி பறக்கும் வாளிகள், கைலி கட்டிய பெண்கள். மூன்று பக்கம்தான் தகரம். மலைப்பக்கம் திறப்பு, மலையிலிருந்து இதுவரை யாரும் வந்ததில்லை. நான் வந்துவிட்டேன்.

திட்டு. அதை இங்கே எழுத முடியாது. ஒரு வாளி பறந்து வந்தது. திரும்பி மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கால்மணி கழித்து புஷ்பா அக்கா பின்னால் வந்து நின்றார். தலையில் துண்டு.

“பாத்தியா உன் ரோட்ட?”

பார்த்தேன் என்றேன்.

“நீ எப்ப வந்து அளந்தே?”

“காலையில. பதினோரு மணிக்கு.”

“பதினோரு மணிக்கு இங்க யாரு இருப்பா? கோழிதான் இருக்கும். கோழிகிட்ட பெர்மிட் வாங்குனியா?”

ட்ரோன் படத்தில் அது ஒரு தகரச் சதுரம். பொருள்வைக்கும் கொட்டகை என்று நானே பெயர் எழுதியிருந்தேன். மாலையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறாது, எல்லாரும் இங்கேதான் குளிக்கிறார்கள். முகட்டிலிருந்து பிற்பகல் இறங்குகிறவன் ஐந்து, ஐந்தரைக்குச் சரியாக இந்த இடத்துக்கு வருவான். தினமும். கணக்குப் போட்டது நான்.

தப்புதான் அக்கா என்றேன். நேற்றுப் பேசியதும் தப்பு என்று பிறகு சேர்த்துக்கொண்டேன். “ரெண்டயும் ஒண்ணா சொல்லி முடிச்சிட்டியே, அவ்ளோ அவசரம்” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பாதையே வேண்டாமா என்று கேட்டேன். யாரும் வரக்கூடாது என்று தான் சொல்லவில்லை, முதுகுப் பக்கமாக வரக்கூடாது என்றுதான் சொல்வதாகச் சொன்னார். அப்படியென்றால் எந்தப் பக்கம்? நான் வாய்க்கால் ஓரம் என்றேன். அங்கே பூச்சிமருந்து கலக்குகிறார்கள், வருகிறவன் மூச்சடைத்து விழுவான் என்றார்கள். மேட்டிலிருக்கும் தண்ணீர் டேங்குக்கு மேலாகச் சுற்றி, லயத்துக் கோயிலைத் தாண்டி லோரி சடக்கில் இறங்கினால் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரைமணி பேச்சு. கடைசியில்:

1. சிவப்பு கூடாது. ஆப்பு கூடாது.
2. சப்பாத்தோடு கோயில் வாசலில் நிற்கக்கூடாது. வெளியே பாதையிலேயே போக வேண்டும்.
3. வேலை செய்யும்போது கேட்காமல் போட்டோ எடுக்கக்கூடாது.
4. மாலை ஐந்துக்கு மேல் யாரும் தோட்டத்துக்குள் வரக்கூடாது.

நாலாவது எனக்குக் கஷ்டம். பிற்பகல் ஒன்றுக்கு மேல் முகட்டுக்கு யாரையும் ஏற விடக்கூடாது என்றாகிறது. எழுதிக்கொண்டேன்.

ஒரு நாள்தான் இருக்கிறது. 620 மீட்டர் புதிதாக. ஒரு ஓடை குறுக்கே.


வெள்ளி, 10

ஐந்தரைக்கே எழுந்தேன். குளிர். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் புஷ்பா அக்கா மேனேஜரிடம் பேசப்போவதாக நேற்று சொல்லவில்லை. பேசியிருக்கிறார். எட்டு மணிக்கு மேனேஜரே எனக்குப் போன் செய்து, புது வழியை வரைந்து கொண்டுவரச் சொன்னார். வரைந்தேன். நாலு நிபந்தனையும் கடிதத்தில் ஏறிவிட்டது. கையெழுத்து 10.15.

நீல ரிப்பன் கடையில் இல்லை. இருந்தது ரோஸ் மட்டும். வாங்கினேன். சேகர், “கல்யாணமா, காதுகுத்தா?” என்றான். அவனையே கட்டச் சொல்லி மேலே அனுப்பினேன்.

ஓடைக்குப் பலகை: பக்கத்து ஊர் திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றும் மரத்தட்டு இரண்டு, சேகர் வேனில். ஆணி அடித்தேன். மேலே ஏறிக் குதித்துப் பார்த்தேன். நிற்கிறது.

மூன்று மணிக்கு மழை. நாற்பது நிமிடம் வீண். லாலான் புல் முழங்கால் உயரம், பாராங் மொண்ணை. நாலரைக்கு ஆள் சத்தம். புஷ்பா அக்காவும் இரண்டு பெண்களும் நேப்பாளத்து அண்ணன் ஒருவரும், வேலை உடுப்பிலேயே. நான் கூப்பிடவில்லை. நான் வெட்டியது கோணல் என்று சொல்லி முதலிலிருந்து வெட்டினார்கள். கோணல்தான். ஐந்தே கால்வரை. பிறகு குளிக்கப் போய்விட்டார்கள். நான் எந்தப் பக்கமும் பார்க்காமல் கோயில் வழியாக இறங்கினேன்.

பினாங்குக்கு இன்னும் பதில் போடவில்லை.


சனி, 11

தெளிவான காலை. கால் இரண்டும் கட்டை.

அஸ்மான் ஏழரைக்கு வந்தார். நல்ல நடை, குறைவான பேச்சு. முகட்டில் நின்று தேயிலையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். அது போதும். இறக்கத்தில் இரண்டு இடத்தில் படி வேண்டும் என்றார். பலகையை மிதித்துப் பார்த்து, மழைக்குமுன் கைப்பிடி போடு என்றார். ரோஸ் நிறம் ஏன் என்று கேட்டார். காரணம் சொன்னேன். நின்று கேட்டார். எழுதிக்கொண்டார்.

கோயிலைத் தாண்டிச் சடக்குக்கு வந்தோம். சனிக்கிழமை அரைநாள் வேலை, பக்கத்து மலையிலேயே வெட்டு. மெஷினை நிறுத்திவிட்டு புஷ்பா அக்கா வந்தார். இங்கே உள்ளவர்களுக்குச் சம்மதமா என்று அஸ்மான் மலாயில் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியாது. அக்கா நாலு நிபந்தனையையும் விரல் விட்டு மலாயில் சொன்னார், என்னைவிட நல்ல மலாயில். மீறினால் பாதையை அடைக்கும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்று ஐந்தாவதாக ஒன்றும் சேர்த்தார். அது எனக்கே புதுசு. அஸ்மான் தலையாட்டினார். ஆறு மாதம் சோதனை. திறக்கலாம்.

சடக்கில் நின்ற வண்டியின் வானட் மேல் அனுமதிப் பாரத்தை வைத்துப் பூர்த்தி செய்தார். கடைசி வரி: கீழ்முனைக்குப் பொறுப்பானவர், பெயர், முகவரி. பேனாவை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி பினாங்கு போயிருவேன்னு சேகரு சொன்னான்” என்றார் அக்கா. “அப்பறம் மரம் விழுந்தா யாருக்குப் போன் அடிக்கிறது?”

“எனக்குத்தான்.”

“பினாங்குக்கா?”

“இல்லக்கா. ரிங்லெட்டுக்கு.”

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். யோசித்தும் மாற்றத் தோன்றவில்லை. பெயரை எழுதினேன், வீட்டு முகவரியை எழுதினேன். அந்த வரியில் இன்னொரு பெயருக்கு இடம் மிச்சம் இருந்தது. அக்காவின் முழுப்பெயரைக் கேட்டேன்.