அடைத்த தொட்டியும் அப்பாவின் வேதியியலும்

அடியே, முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சமையலறைத் தொட்டியில் மட்டும் கையை விட்டுவிடாதே.

நேற்று நீ வெளியே போனதும் அது அடைத்துக்கொண்டது. “இது வேதியியல்டி, உனக்கென்ன தெரியும்?” என்று உன் அப்பா, நம் வாத்தியார் ஐயா, களத்தில் இறங்கினார். அடைப்பெடுக்கும் காரத்தைக் கொட்டினார். அது வேலை செய்யும்வரை பொறுக்காமல், “இதையும் சேர்த்தா ரெட்டைப் பலம்” என்று கழிப்பறை அமிலத்தையும் மேலே ஊற்றினார். கொதித்துத் தெறித்ததில் சட்டை பொத்தல்; அடைப்பு மட்டும் அப்படியே.

அமிலமும் காரமும் கலந்தால் ஒன்றையொன்று அடக்கிவிட்டு உப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும் என்று அவர் ட்யூஷன் பிள்ளைகளிடம் கத்துவதை இத்தனை வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டவள் நான். பாட்டிலைத் திறந்தபோதே தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே, வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் மட்டும் திறந்தேன். இந்நேரம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

சாயங்காலம் பிளம்பர் வருவார். என்னென்ன ஊற்றினார் என்று அப்பாவே அவரிடம் சொல்லட்டும். “தப்பு என்னுதுதான்” என்று அவர் வாயிலிருந்து வரும்வரை நான் சித்தி வீட்டில்தான்.

இன்னொன்று: அப்பா எழுந்ததும் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர் கண்ணாடி என் கைப்பையில் இருக்கிறது.