கண்மாயில் போட்ட பொட்டலம்

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தாயிற்று. முதல் வகுப்பே நிகழ்தகவு. வருடாவருடம் சொல்வதையே இன்றும் சொன்னேன்: "சரியான முடிவும் கெட்ட விளைவைத் தரலாம். விளைவை வைத்து முடிவை எடை போடாதீர்கள்." கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதினேன். பிள்ளைகள் சத்தமே போடவில்லை. புள்ளியியல் வாத்தியார் முத்தரசுவின் மகள் ஆபரேஷன் ஆகிச் செத்துப்போனது காரைக்குடியில் யாருக்குத்தான் தெரியாது? பிரியா போய் இன்றோடு ஏழு வாரம்.

ஓய்வறையில் காசிவிஸ்வநாதன் தோளைத் தொட்டு, "எல்லாம் அவன் செயல் சார்" என்றார். முன்பெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம் அவரைப் பிடித்துக் காய்ச்சியிருப்பேன். இன்று "ம்" என்றேன்.

ஜூன் 18, புதன்

அவள் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. ரேணுகாவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் விளக்கு ஏற்றவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் ரேணுகா ஒரு வெள்ளிக்கிழமை தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு எழுந்து வந்து ஏற்றியவள். சாமி அலமாரி காலியாக இருந்தது. படங்களையெல்லாம் பழைய சேலையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

"அவருதானே வெள்ளப் பூ குடுத்தாரு? ஆபரேஷன் பண்ணுன்னு உத்தரவு குடுத்தாரு. நம்பித்தானே பிள்ளயக் கொண்டுபோய்ப் படுக்க வச்சேன். பொய் சொல்லிட்டாருங்க. இல்ல, ஆளே கெடையாது. நீங்க சொன்னதுதான் சரி."

நான் ஜெயித்துவிட்டேன். இருபத்திரண்டு வருட வழக்கு.

ஜூன் 21, சனி

எழுதிவிடுகிறேன். எங்காவது ஒரு இடத்தில் இது இருந்தாக வேண்டும்.

நாச்சியாபுரம் தாண்டி, கண்மாய்க் கரையில் எங்கள் குலசாமி அய்யனார். பெரிய காரியம் என்றால் அங்கே பூக் கேட்போம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி வெற்றிலையில் மடித்து நாரால் கட்ட வேண்டும். கட்டுவது வீட்டு ஆண்பிள்ளை, ஒதுங்கி நின்று, யாரும் பார்க்காமல். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கிடையாது. எடுக்காத பொட்டலத்தைப் பூசாரி பிரிக்காமலே கண்மாயில் போட்டுவிடுவார். ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட வசதியான முறை கிடையாது. ஏமாற்ற நினைப்பவன் யாரும் அங்கே வருவதில்லை, அதனால் யாரும் யோசிக்கவில்லை.

பிரியாவின் இருதய வால்வுக்கு மதுரை டாக்டர் சொன்ன கணக்கு: ஆபரேஷன் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் பிழைக்கிறார்கள். செய்யாவிட்டால் இருபத்தைந்து வயதைத் தாண்டுவது கஷ்டம். சாமி உத்தரவில்லாமல் பிள்ளையைத் தர மாட்டேன் என்று ரேணுகா ஒற்றைக்காலில் நின்றாள். தொண்ணூற்றிரண்டைக் கொண்டுபோய் ஐம்பதிடம் அடகு வைப்பதா? இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினேன்.

பிரியாவே எடுத்தாள். "அம்மா, வெள்ளை!" என்று ஒரு குதி குதித்தாள். மூச்சு வாங்கியது, அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தாள். ரேணுகா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். நானும் மனதுக்குள் சிரித்தேன். அடப்பாவி, சிரித்தேனே.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள், ஏப்ரல் 28. அந்த எட்டுப் பேரில் ஒருத்தியாகப் போய்விட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்று நான் சாமிக்காக வாதாடினேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

ரேணுகா இரவும் பகலும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாங்க முடியவில்லை. "நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும் ரேணு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியாதத வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு நீங்கதானே சொல்வீக?"

கஷ்டத்தில்தான் மனுஷன் பக்குவப்படுகிறான் என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

"நான் பக்குவப்படுறதுக்கு எம்பிள்ளைய அறுக்கணுமா?"

இத்தனை கோடிப் பேர் கும்பிடுகிறார்களே, அத்தனை பேருமா முட்டாள்கள் என்று கேட்டேன்.

"அத்தன பேரு சொன்னா உண்மையாயிருமான்னு எங்க அண்ணங்கிட்ட மல்லுக்கு நின்னீகளே, மறந்து போச்சா?"

என் ஆயுதமெல்லாம் அவள் கையில். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை. அவள் நம்பியபோது, ஆதாரம் இல்லாமல் நம்புகிறாயே என்று கேலி செய்தேன். இப்போது ஆதாரத்தோடு நம்ப மறுக்கிறாள். கையிலிருக்கும் ஒரே ஆதாரம் நான் தயாரித்த பொய். என் மாணவன் இப்படித் தரவைத் திருத்தியிருந்தால் பரீட்சை எழுத விட்டிருக்க மாட்டேன்.

கடைசியில் மெதுவாகக் கேட்டாள்: "சாமியும் இல்லேன்னா, எம்பிள்ள இப்ப எங்குட்டு இருக்கா?"

என்னிடம் பதில் இருக்கிறது. எப்போதும் இருந்தது. எங்கும் இல்லை என்பதுதான் அது. சொல்ல முடியவில்லை. எழுந்து கொல்லைக்குப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜூலை 2, புதன்

சொன்னால் அவளுக்குச் சாமி கிடைப்பார். எனக்கு அவள் கிடைக்க மாட்டாள்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பிரியாவின் பள்ளிச் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நந்தியாவட்டையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

துப்பட்டாவை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அப்ப அவரு பொய் சொல்லல" என்றாள். பிறகு, "அவரச் சொல்லவே விடல நீங்க."

"ரேணு, டாக்டர் சொன்ன கணக்குப்படி —"

"செவப்பு வந்திருந்தா?"

பாதிக்குப் பாதி, வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம் என்றேன். அந்த நேரத்திலும் இந்த நாக்கு அதைத்தான் சொன்னது.

"பாதி! அந்தப் பாதியவும் எம்பிள்ளைக்கு இல்லாமப் பண்ணிட்டீகளே, பாவி!"

நெஞ்சில் குத்தினாள். கை ஓயும்வரை குத்தினாள். நான் தடுக்கவில்லை. கணக்குப்படி நான் செய்தது சரி, இன்றும் சரி. அப்புறம் ஏன் அவள் சொன்னதும் சரியாக இருக்கிறது?

ஜூலை 11, வெள்ளி

விளக்கு எரிகிறது. படங்கள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன. ஐந்து நாளாக என்னோடு ஒரு பேச்சு இல்லை. தட்டில் சோறு மட்டும் வைக்கிறாள். சாயங்காலம் சாமி முன்னால் உட்கார்ந்து, "ஒன்னயப் போய் சந்தேகப்பட்டுட்டேனே அப்பா" என்று தேம்பினாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில், "கோயிலுக்குப் போகணும், வாங்க" என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்ட குரல். ஸ்கூட்டரில் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பையை என்னிடம் நீட்டினாள். வெற்றிலை, நார், ஒரு கை நந்தியாவட்டை, ஒரு கை செவ்வரளி.

"நீங்களே கட்டுங்க."

"என்ன கேக்கப் போற?"

"ஒங்களோட இருக்கிறதா, சிங்கம்புணரிக்கு அண்ணன் வீட்டுக்கே போயிர்றதான்னு. வெள்ளைன்னா இருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் சன்னதிக்குப் போய்விட்டாள். நான் ஒதுங்கி வேப்பமரத்தடியில் நின்றேன். கை நிறைய வெள்ளை. யாரும் பார்க்கவில்லை. இரண்டிலும் வைத்தால் அவள் வீட்டுக்கு வருவாள். ஒன்றில் வெள்ளை வைத்தேன். இன்னொன்றுக்கும் வெள்ளையையே எடுத்தேன், பிறகு அதைக் கீழே போட்டேன். செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

கட்டும்போது உதடு முணுமுணுத்தது: "வெள்ளை வரட்டும் அய்யனாரே." நான்தான் சொன்னேன். எந்த ஆதாரத்தை வைத்துச் சொன்னேன்? ஒன்றும் இல்லை. சொன்னேன்.

பூசாரி சின்னச்சாமி இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் குலுக்கிப் போட்டார். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தாள்.

சிவப்பு.

பூசாரி மற்றதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ரேணு, அதையும் பிரிச்சுப் பாரு. அதுல வெள்ளை இருக்கு. சத்தியமா இருக்கு."

என் முகத்தைப் பார்த்தாள்.

"பிரிக்க வேணாம்" என்றாள். "நம்புறேன்."

பொட்டலம் தண்ணீரில் விழுந்தது.

ஜூலை 15, செவ்வாய்

அழகுசுந்தரம் மச்சான் வந்து கூட்டிப்போனார். பிரியாவின் செருப்பை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "வெள்ளிக்கெழம வெளக்கேத்துங்க. நீங்க நம்ப வேணாம். ஏத்துங்க" என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

கல்லூரியில் காசிவிஸ்வநாதன், "சார், சாமி இருக்காரா இல்லையா, இப்ப என்ன சொல்றீங்க?" என்று சும்மா சீண்டினார். தெரியவில்லை என்றேன். முதல் தடவை.

ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினேன். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. எதிர்ச் சுவரில் பிரியா படம். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன், சத்தமாகவே கேட்டேன். திரி எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்குள் வாங்கி வைக்க வேண்டும்.